அலைச்சறுக்குப் பலகையும் அதனை இல்லத்தில் ஆக்கும் முறையும்

கரையை நோக்கி எழுந்து வரும் அலையின் முகத்தில், ஒரு பலகையின்மீது நின்றவாறு ஒருவன் வழுக்கி வருவதைப் படங்களில் பலரும் கண்டிருப்பர். அப்பலகையைக் கையில் எடுத்துப் பார்ப்போர் முதலில் வியப்பது அதன் எடையையே ஆகும். ஆறடி நீளமுள்ள பலகை மூன்று கிலோகிராம் அளவே நிறுக்கும். அதனை அறுத்துப் பார்ப்பின் வியப்பு மேலும் பெருகும். உள்ளே இருப்பது நகத்தால் அழுத்தினால் குழி விழும் நுரைக் கட்டி. அதன்மேல் இருப்பது, கையால் கசக்கினால் இழை பிரியும் கண்ணாடி நார்த்துணி. அத்துணியைப் பிணித்திருப்பது, தனியே மெல்லிய தகடாக வார்த்தால் மளுக்கென ஒடியும் செயற்கைப் பிசின். இம்மூன்றனுள் எதுவும் தனித்து நின்று அலையின் அறையைத் தாங்கவல்லதன்று. மூன்றும் முறைப்படி சேர்ந்தவிடத்தே ஒருவனைச் சுமந்து கடலில் விரையும் பலகை உண்டாகிறது.

இவ்வலிமை சேர்க்கையினால் வருவது. இதனை நன்குணர்ந்தவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு பலகையைச் செய்துகொள்ள இயலும். உணராதவர், செய்முறைக் குறிப்பை வரி பிறழாமல் பின்பற்றினும், குறிப்பில் சொல்லப்படாத ஓரிடத்தில் வழுவுவர். ஆதலின் இப்பலகையின் வரலாறு, அதன் வலிமைக்குக் காரணம், ஆக்கும் முறை ஆகிய மூன்றையும் இவ்வரிசையிலே காண்பது தகும்.

மரம் தந்த பலகை

அலைமேல் ஊர்தல் பசிபிக் மாகடலில் வாழும் பாலினேசிய மக்கள் வளர்த்த கலை. அதனை உயர்நிலைக்குக் கொணர்ந்தோர் ஹவாய்த் தீவினர். ஆங்கிலேயக் கடலோடியான ஜேம்ஸ் குக்கின் மூன்றாம் பயணத்தில் உடன் சென்ற ஜேம்ஸ் கிங் என்பார், 1779-ஆம் ஆண்டில் அத்தீவில் தாம் கண்ட இவ்விளையாட்டை விரிவாக எழுதி வைத்தார்.

ஹவாய் மக்களிடையே பலகைகள் பலவகைப்பட்டன. குடித்தலைவர்க்குரிய நெடும்பலகைக்கு 'ஓலோ' என்று பெயர். மக்கள் பலரும் பயன்படுத்திய மெல்லிய பலகை 'அலையா' எனப்பட்டது. மார்பு பொருந்தக் கிடந்து ஊரும் குறும்பலகை 'பைப்போ' ஆகும். 'அலையா' என்னும் சொல் தமிழ்ச் செவிக்கு அலையை நினைவூட்டினும், இவ்வொற்றுமை தற்செயலாய் நேர்ந்ததே. ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கற்பித்தல் சொல்லாராய்ச்சிக்கு ஏலாது.

பலகைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மரங்களின் சுற்றத்தார் தமிழர்க்குப் புதியவர் அல்லர். 'கோவா' என்பது கருவேலின் உறவு. ஈரப்பலா வெப்பநாடெங்கும் அறிந்த மரம். நெடும்பலகைக்கு விரும்பப்பட்ட 'விலிவிலி' என்பது கல்யாண முருங்கையின் இனம். மலேசியாவில் டடாப் என வழங்கும் மரமும் அக்கல்யாண முருங்கையே. மரத்தை வெட்டிக் கல்வாய்ச்சியால் செதுக்கி, பவளப்பாறைத் துண்டால் தேய்த்து, குக்குயிக் கொட்டையின் கரியைப் பூசி, அக்கொட்டையின் எண்ணெயால் மெருகிட்டனர். குக்குயிக் கொட்டையாவது மலாய்ச் சமையலில் 'புவா கெராஸ்' எனப்படுவதேயாகும். ஹொனலூலு நகரத்துப் பிஷப் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டுள்ள பழைய நெடும்பலகைகள் ஏறத்தாழ 15 அடி நீளமும் 60 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையும் உடையன.

19-ஆம் நூற்றாண்டில் இக்கலை நலிந்தது. அயலாரோடு வந்த நோய்கள் தீவு மக்களைப் பெருந்தொகையாக மாய்த்தன. 1820-ஆம் ஆண்டு முதல் வந்து தங்கிய சமயப் பரப்பாளர் பழைய விளையாட்டுகளை ஊக்குவிக்கவில்லை. பலகை செய்வோர் அருகினர். செய்வோர் அருகவே ஏறுவோரும் அருகினர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கலை மீண்டும் தழைத்தது. அதனை உலகறியச் செய்தவருள் தலையாயவர் டியூக் கஹனமோகு. 1912-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்தில் நீச்சலில் தங்கம் வென்ற அவர், 1914-ஆம் ஆண்டு இறுதியில் சிட்னி நகருக்குச் சென்றபோது தம் பலகையைக் கொண்டுசெல்லவில்லை. அவ்வூரில் கிடைத்த பைன் மரத்தைத் தாமே செதுக்கிப் பலகையாக்கி, அதன்மேல் ஏறிக் காட்டினார். அப்பலகை அங்குள்ள பிரஷ்வாட்டர் கடற்கரைச் சங்கத்தில் இன்றும் காக்கப்படுகிறது. செய்யும் அறிவு கையில் இருந்ததால் பொருள் உடன் இல்லாமை அவருக்குக் குறையாகவில்லை.

மரத்திலிருந்து நுரைக்கு

எடையைக் குறைப்பதே அதன்பின் வந்தோரின் நோக்கமாயிற்று. டாம் பிளேக் என்னும் அமெரிக்கர் 1926-ஆம் ஆண்டில் பிஷப் அருங்காட்சியகத்துப் பழம்பலகைகளைச் செப்பனிட்டார். அவற்றின் வடிவைப் பின்பற்றி, உள்ளே வெற்றிடம் விட்டு மேலே மெல்லிய மரத்தகடு பொருத்திய பலகையைப் படைத்தார். 1935-ஆம் ஆண்டில் அடிப்புறத்தில் ஒரு சிறகைப் பொருத்தியவரும் அவரே. அதற்கு முன்னர்ப் பலகையைத் திருப்பக் காலை நீரில் இழுத்துச் செல்லவேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், போர்த் தொழிலுக்கென வளர்ந்த கண்ணாடி நாரும் பாலியெஸ்டர்ப் பிசினும் பொதுமக்கள் கைக்கு எட்டின. 1946-ஆம் ஆண்டில் பீட் பீட்டர்சன் என்பார் கண்ணாடி நாரைக் கொண்டு ஒரு பலகை செய்தார். கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பாப் சிம்மன்ஸ் 1949-ஆம் ஆண்டளவில் பாலிஸ்டைரீன் நுரையை நடுவில் வைத்தார். ஆனால் பாலியெஸ்டர்ப் பிசின் பட்டவுடன் பாலிஸ்டைரீன் நுரை கரைந்துவிடும். ஆதலால் நுரைக்கும் பிசினுக்கும் இடையே ஒட்டுப்பலகையைத் தடுப்பாக வைத்தார். சிம்மன்ஸ் 1954-ஆம் ஆண்டில் கலிபோர்னியக் கடலில் அலைமேல் ஊர்ந்தபோதே உயிர் துறந்தார்.

பிசினுக்குக் கரையாத நுரை பாலியூரிதீன் ஆகும். இதனை 1937-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்டறிந்தார். இரு நீர்மங்களைக் கலந்து அச்சினுள் ஊற்றினால், ஆப்பமாவு பொங்குவது போல் அது சில நிமிடங்களில் பொங்கி இறுகும். 1950-களின் நடுவில் டேவ் சுவீட் என்பாரும், 1958-ஆம் ஆண்டில் ஹோபி ஆல்ட்டர், கோர்டன் கிளார்க் ஆகிய இருவரும் இந்நுரையால் பலகை செய்வதில் வெற்றி கண்டனர். ஆல்ட்டர் தம் தொழிலைத் தொடங்கியது தந்தையாரின் மோட்டார்க் கொட்டகையில் ஆகும். அந்நாளில் அவர் இழைத்தது தென்னமெரிக்காவின் பால்சா மரம். அது இலவமரத்தின் குடும்பத்தைச் சார்ந்தது.

இவ்வால்ட்டர் பின்னர் 1960-களின் பிற்பகுதியில் கண்ணாடி நாரால் இரட்டை உடல் கொண்ட சிறு பாய்மரப் படகைச் செய்து 'ஹோபி கேட்' எனப் பெயரிட்டார். 'கேட்' என்பது 'கேட்டமரான்' என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். அச்சொல்லோ தமிழின் 'கட்டுமரம்' கடல் கடந்து சென்றதன் வடிவமாகும். சொல் சென்றதே அன்றிப் பொருள் மாறிவிட்டது. தமிழ்க் கடற்கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையைக் குறித்த சொல், அங்கே ஈருடற் படகைக் குறிக்கலாயிற்று.

1960-களின் இறுதியில் பத்தடிப் பலகை வழக்கொழிந்து, ஏழடியும் அதற்குக் குறைந்ததுமான பலகை பரவியது. அப்போது இளைஞர் பலர் பழைய நெடும்பலகையின் கண்ணாடித் தோலை உரித்தெடுத்து, உள்ளிருந்த நுரையை மீண்டும் செதுக்கிப் புதுப்பலகை ஆக்கினர். வீட்டிலேயே பலகை செய்யும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது.

வலிமை பிறக்கும் வகை

ஒரு பலகையின் இரு முனைகளைத் தாங்கி நடுவில் அழுத்தினால், மேற்பரப்பு நெருக்குண்ணும், கீழ்ப்பரப்பு இழுபடும். நடுப்பகுதி இவ்விரண்டையும் மிகுதியாக உணர்வதில்லை. எனவே வலிய பொருள் வேண்டுவது மேலும் கீழுமே. மூங்கில் உள்ளே வெறுமையாய் இருந்தும் ஒடியாமல் வளைந்து நிற்பது அதன் வன்மை புறத்தே அமைந்திருப்பதால் அன்றோ? இப்பலகையில் கண்ணாடித் தோல் இரண்டும் அப்புறவன்மையைத் தருகின்றன. நுரையின் கடமை, இரு தோல்களும் நெருங்காமலும் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்காமலும் பிடித்திருப்பதாகும். தோல்களுக்கு இடையே உள்ள தொலைவு இருமடங்கானால் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆனால் தோல் நுரையை விட்டு ஓரிடத்தில் பிரிந்துவிட்டால், அவ்விடத்தில் தோல் மடிந்து, பலகை அங்கேயே முறியும். ஆகவே ஒட்டு நன்றாக அமைவதே பலகையின் உயிராகும்.

மிதப்பையும் ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 6 அடி நீளம், 52 சென்டிமீட்டர் அகலம், 6½ சென்டிமீட்டர் கனம் உள்ள பெட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 62 லிட்டர். முனைகள் குவிந்து ஓரங்கள் மெலிந்த பலகையாகும்போது அதில் பாதியளவே எஞ்சும். 35 லிட்டர் எனக் கொள்வோம். ஒரு லிட்டர் நுரை 40 கிராம் அளவே நிறுப்பதால், நுரையின் எடை ஒன்றரைக் கிலோகிராமைத் தாண்டாது. எஞ்சிய எடை துணியும் பிசினுமே. பலகை முழுதும் நீரில் அமிழ்ந்தால் 35 கிலோகிராம் நீரை விலக்கும். தன் எடை 3 கிலோகிராம் போக, மிகுந்து நிற்கும் மிதப்பு 32 கிலோகிராம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவனை நீர்மேல் நிறுத்த இது போதாது. அவன் படுத்துக் கையால் நீரைத் தள்ளும்போது உடலின் ஒரு பகுதி தானே மிதப்பதால் குறை தெரிவதில்லை. அலை தள்ள விரைவு மிகுந்தபின், குளத்தில் சாய்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்திச் செல்வது போல, பலகை நீரின் மேற்பரப்பைத் தட்டிக்கொண்டு ஏறிச் செல்கிறது. நின்றுவிட்டால் அமிழ்கிறது.

உருவம் செதுக்குதல்

வீட்டில் செய்வோர் நுரையைத் தாமே பொங்கவைக்க முயலலாகாது. அதற்குரிய ஐசோசயனேட்டு என்னும் இரசாயனம் மூச்சுக் குழலுக்குக் கொடியது. அச்சில் வார்த்து முடிந்த நுரைக் கட்டியை வாங்கிக்கொள்வதே முறை. பாலியூரிதீன் கட்டியாயின் பாலியெஸ்டர்ப் பிசினும் எப்பாக்சிப் பிசினும் ஏற்கும். வெண்மணிகளாய் அமைந்த பாலிஸ்டைரீன் கட்டியாயின் எப்பாக்சி ஒன்றே ஏற்கும். சிம்மன்ஸ் கண்ட இடர் இன்றும் மாறவில்லை. கட்டியின் நடுவே தலைமுதல் வால்வரை ஓடும் மெல்லிய மரச்சட்டம் வளைவைக் காத்து, முறியாமல் துணை நிற்கும்.

முதலில் பாதிப் பலகையின் வெளிக்கோட்டை ஒட்டுப்பலகைத் தகட்டில் வெட்டிக்கொள்ளல் வேண்டும். அதனை நடுச்சட்டத்தின் ஒருபுறம் வைத்து வரைந்து, பின் புரட்டி மறுபுறம் வைத்து வரைந்தால் இருபாதியும் ஒத்திருக்கும். கோட்டுக்குச் சற்று வெளியே ரம்பத்தால் அறுத்து, எஞ்சியதை உப்புத்தாள் சுற்றிய கட்டையால் தேய்க்க வேண்டும். அடுத்து இழைப்புளியால் கனத்தைக் குறைக்க வேண்டும். அச்சில் வார்த்த நுரை புறத்தே இறுக்கமாயும் அகத்தே தளர்வாயும் இருக்கும். கட்டி தேவைக்கு மேல் பருமனாய் இருந்து ஆழமாய் இழைக்க நேர்ந்தால், வலிய பகுதி முழுதும் தூசாகிப் போகும். வேண்டிய வடிவுக்கு அண்மையான கட்டியைத் தேர்வது இக்காரணம் பற்றியே.

ஓரங்களை ஒரே முயற்சியில் உருட்டலாகாது. முதலில் ஒரு சாய்வுப் பட்டை, பின் அதன் இருமுனைகளையும் கழித்து இரு பட்டைகள், பின் நான்கு என இழைத்துச் சென்றால், இறுதியில் கம்பி வலையாலோ உப்புத்தாளாலோ தடவும்போது ஓரம் தானே உருண்டுவிடும். மேடு பள்ளத்தைக் கண்டறிய விளக்கை மேலே தொங்கவிடாமல், பலகையின் உயரத்திலேயே இருபக்கத்துச் சுவரிலும் வைக்க வேண்டும். பக்கத்திலிருந்து படும் ஒளியில் சிறு மேடும் நிழல் காட்டும். அறை வெண்மையாய் இராமல் கருநீலமாய் இருப்பின் வெண்ணுரையின் விளிம்பு இன்னும் தெளிவாகும்.

கண்ணாடித் துணி போர்த்தல்

சதுர கெஜத்திற்கு நான்கு அல்லது ஆறு அவுன்ஸ் நிறையுள்ள துணி பலகைக்கு ஏற்றது. அடிப்புறத்திற்கு ஒரு மடிப்பும், பாதமும் முழங்காலும் அழுத்தும் மேற்புறத்திற்கு இரு மடிப்பும் இடுவது வழக்கம். முதலில் அடிப்புறம். துணி ஓரத்தைத் தாண்டி ஐந்து சென்டிமீட்டர் தொங்குமாறு வெட்டி, முனைகளில் வளைவுக்கேற்பக் கீறிவிட வேண்டும். தொங்கும் பகுதி மறுபுறத்தில் மடிந்து ஒட்டும். பின்னர் மேற்புறத் துணியும் அவ்வாறே கீழே மடிவதால், கல்லிலும் கரையிலும் மோதும் ஓரங்கள் தாமே தடித்துவிடுகின்றன.

பாலியெஸ்டர்ப் பிசின் நாட்கணக்கில் நீர்மமாகவே இருக்கும். அதனை உறையச் செய்வது மெதில் எதில் கீட்டோன் பெராக்சைடு. ஒரு லிட்டருக்குப் பத்து முதல் இருபது மில்லிலிட்டர் போதும். ரப்பர்ப் பாலில் பார்மிக் அமிலத்தை அளந்து ஊற்றும் தோட்ட மக்கள் இதனை எளிதில் உணர்வர். மிகுந்தால் விரைந்து உறைந்து கெடும். குறைந்தால் உறையாமல் கெடும். மலேசியா போன்ற வெப்பநாட்டில் அளவு குறைவாகவே வேண்டும். எப்பாக்சியின் நிலை வேறு. அதன் இரு பகுதிகளும் ஒன்றோடொன்று இணைந்தே திண்மமாவதால், செய்தோர் குறித்த விகிதம் ஒரு சிறிதும் மாறலாகாது. வெப்பம் மிகுதி என்று உறைவிப்பானைக் குறைப்போர்க்குக் கிடைப்பது என்றும் காயாத பசையே.

கலந்த பிசினைக் குவளையிலேயே வைத்திருக்கக் கூடாது. உறையும்போது பிசின் வெப்பத்தை விடுகிறது. குவளையில் திரண்டிருப்பின் அவ்வெப்பம் வெளியேறாமல் புகையும். பரப்பினால் வெப்பம் தணியும். ஆகவே உடனே நடுவில் ஊற்றி, ரப்பர்ப் பட்டையால் ஓரம் நோக்கி வழித்துப் பரப்ப வேண்டும். பத்து நிமிடத்திற்குள் பணி முடியவேண்டும். நனைந்த துணி கண்ணுக்குப் புலப்படாமல் தெளியும். வெண்மையாய் நிற்கும் இடம் பிசின் குடியாத இடம். அங்கே இழைகள் பிணைப்பின்றிக் கிடக்கும். பிசின் தேங்கி நிற்கும் இடம் எடை மிகுந்து எளிதில் வெடிக்கும். துணிக்கு வேண்டியவளவே பிசின் என்பது இத்தொழிலின் முதல் விதி. வெயில் ஏறும் காலையினும் வெப்பம் இறங்கும் மாலை ஏற்றது. காலையில் நுரையினுள் இருக்கும் காற்று விரிந்து குமிழியாகத் துணியைத் தூக்கும். மாலையில் சுருங்கிப் பிசினை உள்ளே இழுக்கும்.

போர்த்தலுக்குரிய பிசின் உறைந்த பின்னும் மேலே சற்றுப் பிசுபிசுக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பின் உறைவைத் தடுப்பதே காரணம். இது குறையன்று, அடுத்த பூச்சு அதனோடு ஒன்றிப் பற்ற உதவும் நலமாகும். இரண்டாம் பூச்சுக்குரிய பிசினில் மெழுகு கலந்திருக்கும். மெழுகு மேலே மிதந்து காற்றை மறைப்பதால் அப்பூச்சு நன்கு காய்ந்து, உப்புத்தாளுக்கு இடம் தரும். தேய்க்கும்போது கண்ணாடி இழை வெளித்தோன்றும் அளவிற்குச் செல்லக் கூடாது. இழை அறுந்த இடம் வலிமை இழந்த இடம். சிறகுகளையும், பலகையைக் காலோடு பிணைக்கும் கயிற்றின் குமிழையும் பொருத்தினால் பலகை முற்றுப்பெறும். ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் 1981-ஆம் ஆண்டில் வெற்றி கண்ட மூன்று சிறகு அமைப்பே இன்றும் பெருவழக்கு.

உடலுக்குக் காப்பு

அழகிய பலகை செய்து நுரையீரலை இழந்தால் பயன் யாது? இழைக்கும்போது எழும் நுரைத்தூளும், தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூளும் தூசிமுகமூடியால் தடுக்கப்படும். பாலியெஸ்டர்ப் பிசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவியை அம்மூடி தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய மூடியே தடுக்கும். இரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். பெராக்சைடு ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வையைக் கெடுக்கும். ஆதலின் கண்ணாடி அணியாமல் அப்புட்டியைத் திறத்தல் தகாது. பட்டுவிடின் உடனே ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி மருத்துவரை நாட வேண்டும். எப்பாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையை உண்டாக்கும், கையுறை இன்றியமையாதது. பணியிடம் காற்றோட்டம் உள்ளதாயும், அடுப்பும் நெருப்பும் சிறுவரும் அணுகாததாயும் இருத்தல் வேண்டும்.

ஒருவர் கையில் தங்கிய தொழில்

1961-ஆம் ஆண்டில் கோர்டன் கிளார்க் தனியே ஒரு நுரைத் தொழிற்சாலை தொடங்கினார். அவருடைய கட்டிகள் சிறந்தனவாயும் விலை குறைந்தனவாயும் இருந்தமையால், காலப்போக்கில் அமெரிக்கப் பலகைத் தொழிலின் மிகப் பெரும் பகுதி அந்த ஓரிடத்தையே நம்பி நின்றது. 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் ஆகியவை பற்றிய அரசின் கெடுபிடிகளைக் காரணம் காட்டி, அவர் முன்னறிவிப்பின்றித் தொழிற்சாலையை மூடினார். இருந்த கட்டிகளின் விலை உடனே ஏறியது. பல பட்டறைகள் செய்வதறியாது திகைத்தன.

அந்நெருக்கடியில் நிலைகொண்டவர், தம் தொழிலின் காரணங்களை அறிந்தவரே. அவர் பாலிஸ்டைரீன் கட்டிக்கும் எப்பாக்சிக்கும் மாறினர். பிறநாட்டுக் கட்டிகளை வரவழைத்தனர். சிலர் மரத்தையே மீண்டும் நாடினர். ஒரே கட்டியையும் ஒரே பிசினையும் ஒரே விதமாய்ப் பழகியவர்க்கு இம்மாற்றம் எளிதாய் இல்லை. பொருள் ஒரு வாயிலில் அடைபட்டால் வேறு வாயிலில் பெறலாம். அறிவு அடைபட்டால் அவ்வாறு பெறுதல் அரிது. ஹவாய்த் தீவில் 19-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய மறைந்த கலை மீண்டு வந்தது, செதுக்கத் தெரிந்த சிலர் எஞ்சியிருந்தமையால் ஆகும்.

இன்று அலைச்சறுக்கு ஒலிம்பிக் பந்தயத்திலும் இடம்பெற்றுவிட்டது. 2021-ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முறையாக நடைபெற்ற அப்போட்டி, 2024-ஆம் ஆண்டில் அக்கலையின் பிறப்பிடங்களுள் ஒன்றான தகீத்தித் தீவில் நடந்தது. பகாங் மாநிலத்துச் செராத்திங் கடற்கரையிலும் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் பலகையோடு இளைஞர் திரள்கின்றனர். கடையில் வாங்கும் பலகை பலவகையிலும் செம்மையானதே. எனினும் தன் கையால் ஒன்றைச் செய்து முடித்த மாணவன், மிதப்பும் வளைவும் வெப்பமும் உறைவும் பற்றிய பாடங்களை ஒருநாளும் மறவான். அப்பலகை கல்லில் மோதிப் பிளந்தாலும் அவன் கலங்கமாட்டான். அது எவ்வாறு சேர்ந்தது என்பதை அறிந்தவனுக்கு, அதனை மீண்டும் சேர்க்கவும் தெரியும்.